மேஜர் என்ன எடுக்கலாம், அண்ணே?

போன மாதம் நியூ ஜெர்சி எடிசனில் பொங்கல் விழா. சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், கையில் காகிதத் தட்டு, அதில் சர்க்கரைப் பொங்கல் நெகிழ்ந்து வடை வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் நின்ற நண்பர் தோளைத் தட்டினார். "அண்ணே, பாப்பா டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இந்த வருஷம் காலேஜ் போறா. மேஜர் என்ன எடுக்கலாம்? பயாலஜிதானே?" சாம்பார் வாளியோடு நின்றவர் "சார், கொஞ்சம் நகருங்க" என்றார். "அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாள் கூப்பிட்டேன், பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு பேரிடமிருந்தாவது வருகிறது, அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பாதிக்கிறவன். மகள் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள், அவள் அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் செய்த குளறுபடிகள்தான் என் தகுதி.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று. இங்கே எம்.பி.பி.எஸ். கிடையாது. ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதி, பதினெட்டு வயதில் ஸ்டெதாஸ்கோப் மாட்டும் வழி அமெரிக்காவில் இல்லை. நாலு வருஷம் ஏதாவது ஒரு இளங்கலை (அதில் எடுக்கும் முதன்மைப் பாடம்தான் மேஜர்), அதற்குப் பிறகு நாலு வருஷம் மருத்துவக் கல்லூரி, அப்புறம் ரெசிடென்சி என்று ஆஸ்பத்திரிப் பயிற்சி மூன்றிலிருந்து ஏழு வருஷம். பிள்ளைகள் "நான் ப்ரீ-மெட்" என்பார்கள், நாமும் அதை ஒரு பட்டம் என்று நினைத்து ஊருக்குப் போன் போட்டுச் சொல்வோம். அது பட்டமே இல்லை. நம்மூரில் "பையன் ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்கிறான்" என்று சொல்வார்களே, அதேதான். தமிழ் இலக்கியம் படித்தவனும் எழுதுவான், மெக்கானிக்கல் படித்தவனும் எழுதுவான், கால்நடை மருத்துவம் படித்தவனும் எழுதுவான். இங்கே மருத்துவக் கல்லூரி பார்ப்பதும் அப்படித்தான்: ஒரு பட்டம் வேண்டும், அதற்குள்ளோ வெளியிலோ குறிப்பிட்ட சில பாடங்களைப் படித்திருக்க வேண்டும்.

அந்தப் பாடப் பட்டியலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1893-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியைத் திறந்தபோது, பட்டம் வாங்கியவர்கள்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் காசு கட்டினால் டாக்டர் ஆக்கிவிடும் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு இருந்தன. 1910-இல் ஆப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து அதையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டு ஓர் அறிக்கை எழுதினார். டாக்டருக்குப் படிக்க வருகிறவன் வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மூன்றும் இன்றைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பொது வேதியியல் ஒரு வருஷம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒரு வருஷம், உயிரியல் ஒரு வருஷம், இயற்பியல் ஒரு வருஷம், எல்லாம் லேபோடு. கூடவே பயோகெமிஸ்ட்ரி, புள்ளியியல், ஆங்கிலம் என்று கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். எப்படிக் கூட்டினாலும் ஒரு டஜன் பாடம் தேறும். நாலு வருஷத்தில் ஒரு பிள்ளை நாற்பது பாடம் படிக்கிறது என்றால், மீதி இருபத்தெட்டை என்ன செய்வது என்பதுதான் மேஜர் பற்றிய கேள்வி.

இது எனக்கு அப்போது தெரியாது. நான் கோவில்பட்டியில் பயாலஜி குரூப்பை விட்டு கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவன், எடுத்த அன்றைக்கே டாக்டர் வாசல் அடைத்துக்கொண்டது என்று வீட்டில் ஒரு வாரம் துக்கம். அந்தப் பயம் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போதே பி.எஸ்.-எம்.டி. என்கிற, இளங்கலையும் மருத்துவமும் சேர்ந்த படிப்புகளைத் தேட ஆரம்பித்தேன். பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம், மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி கிளையில் ஆறே வருஷம் என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம், நடுவில் வாசல் அடைக்காது. ஆனால் அவற்றில் இருப்பது கைவிரல் விட்டு எண்ணும் இடங்கள், கிடைக்கவில்லை. சரி என்று எக்செல் ஷீட்டைத் திறந்தேன்.

அந்த ஷீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். எட்டு செமஸ்டருக்கு எட்டுப் பத்தி, அறிவியல் பாடங்களுக்குப் பச்சை, கணக்குக்கு மஞ்சள், மற்றதற்கெல்லாம் சாம்பல் நிறம். (சாம்பல் நிறம் கொடுத்ததிலேயே என் மனசு தெரிகிறது.) மேஜர் பயாலஜி. முதல் செமஸ்டரிலேயே வேதியியல், உயிரியல், கால்குலஸ் மூன்றும், மேலே ஒரு ஆங்கிலக் கட்டுரைப் பாடம். சீக்கிரம் முடித்துவிட்டால் நிம்மதியாக எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கலாம் என்று கணக்கு. ப்ராஜெக்ட் பிளான் போடுகிறவனுக்கு எல்லாமே ப்ராஜெக்ட்தான்.

2018 டிசம்பர், செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். அவள் அம்மா இட்லி மாவைக் கரைத்து மூடிக்கொண்டிருந்தாள், மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றாள். வேதியியலில் சி ப்ளஸ். பள்ளிக்கூடத்தில் பி கூட வாங்காத பிள்ளை. மூன்று பாடத்தின் இடைத்தேர்வும் ஒரே வாரத்தில் வந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் உடனே "மறுபடி எழுதி மாத்திடலாம்ல?" என்றேன். மாற்ற முடியாது. விண்ணப்பங்களை வாங்கிக் கல்லூரிகளுக்கு அனுப்பும் பொது அமைப்புக்கு ஆம்காஸ் என்று பெயர், அது நீங்கள் கல்லூரியில் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் எடுத்துக்கொள்ளும், திரும்ப எழுதினால் பழையதையும் புதியதையும் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடும். உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கிறேன் என்று பதினாறு வயதில் எழுதியதைக்கூட விடாது. அரியர் வைத்துத் தேறிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்ம ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது.

அன்றைக்கு ராத்திரி அவள் என் எக்செலை மூடிவிட்டு, சுவரில் தொங்கிய இந்தியன் கடைக் காலண்டரில் டிசம்பர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பேனாவால் கட்டம் போட ஆரம்பித்தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், பின்பக்கம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள் அம்மா. ஒரு செமஸ்டரில் இரண்டு அறிவியல் பாடத்துக்கு மேல் கிடையாது, ஆர்கானிக் வரும் செமஸ்டரில் இயற்பியல் கிடையாது, ஒவ்வொரு செமஸ்டரிலும் அவளுக்குப் பிடித்த பாடம் ஒன்று. அப்படிப் போட்டால் படிப்பு முடிந்தும் ஒரு வருஷம் தள்ளித்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியும். நான் அந்த ஒரு வருஷத்துக்காகச் சண்டை போட்டேன். இப்போது சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் ஒரு வருஷமாவது இடைவெளி விட்டுத்தான் வருகிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

பிடித்த பாடம் என்று அவள் போட்டது மொழியியல் அறிமுகம். நேரம் பொருந்துகிறது என்றுதான் எடுத்தாள், வேறு மகத்தான காரணம் எதுவும் இல்லை. நாலாம் வாரம் ஊரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஆச்சி, பழம், பலம், பள்ளம் சொல்லுங்க" என்று பதிவு செய்ய ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் 'ழ' வராது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், ஆச்சி பிறந்ததிலிருந்து "வாளப்பளம்"தான். ஆனால் பேத்தி காலேஜில் போட்டுக் காட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் நாக்கை மடித்து ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி "வாழைப்பழம்" என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார். "டேட்டாவையே கெடுத்துட்டாங்கப்பா" என்று மகள் சிரித்தாள். அவளே பேசிய 'ழ'வைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதில் அலைகள் எங்கே இறங்குகின்றன என்று எனக்குக் காட்டினாள். நாற்பத்தெட்டு வருஷமாக நான் பேசும் மொழிக்குள் இப்படி ஒரு கோடு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த இலையுதிர் காலத்தில் ஆர்கானிக் லேபில் வாழைப்பழ வாசனை வரும் ஐசோ அமைல் அசிடேட் தயாரித்துவிட்டு, அந்த வாசனையோடே வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தாள், காரில் இரண்டு நாள் போகவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாமே வாழைப்பழம்தான்.

இரண்டாம் ஆண்டில் மேஜர் அறிவிக்கும்போது மொழியியல் என்று போட்டாள். "அதைப் படிச்சு என்னம்மா பண்றது?" என்று கேட்டேன். கேட்ட விதம் இன்னும் உறுத்துகிறது, விடுங்கள்.

இதற்குப் பிறகுதான் நான் உண்மையிலேயே தேடிப் படித்தேன். மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987-இலேயே இலக்கியம், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கென்று தனி வாசல் ஒன்றைத் திறந்திருக்கிறது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கேட்கவில்லை, எம்கேட் கேட்கவில்லை, இரண்டாம் ஆண்டிலேயே இடத்தை உறுதி செய்துவிட்டார்கள். அப்படி வந்தவர்கள் மருத்துவப் படிப்பில் எப்படித் தேறினார்கள் என்று 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கெமிஸ்ட்ரியில் ஊறி வந்தவர்களுக்கு இணையாகவே தேறியிருந்தார்கள். பெயரிலேயே தமிழ் இருக்கும் பால் கலாநிதி, 2015-இல் முப்பத்தேழு வயதில் புற்றுநோயில் போய்விட்டாரே, அந்த மூளை அறுவை சிகிச்சை நிபுணர், ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் சேர்த்துப் படித்தவர், இலக்கியத்தில் முதுகலை வரைக்கும் போனவர்.

ஆனால் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றும், இலக்கியம், கணிதம் படித்தவர்கள் உயிரியல் படித்தவர்களைவிடக் கூடுதல் விகிதத்தில் இடம் பெறுகிறார்கள் என்று. அது பொய் இல்லை, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வருஷா வருஷம் வெளியிடும் அட்டவணையிலேயே சில புள்ளிகள் வித்தியாசம் தெரியும். உடனே "அப்போ ஹிஸ்டரி எடுத்தா சீட்டு கேரண்டியா?" என்று கேட்கிறார்கள். விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கு மேல் உயிரியல்காரர்கள், நல்லா படிக்கிறவர், சுமாராகப் படிக்கிறவர், அப்பா சொன்னதற்காக வந்தவர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். வரலாறு படித்துக்கொண்டே ஆர்கானிக்கையும் தாண்டி வருகிறவர் சிலர்தான், அவர் ஏற்கெனவே சலித்து எடுத்த மாவு. மேஜர் அவரைத் தூக்கிவிடவில்லை.

மேஜரால் வித்தியாசமே இல்லை என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. இருக்கிறது, ஆனால் யாரும் சொல்லாத இடத்தில். ஆம்காஸ் மொத்த ஜிபிஏவோடு (ஏ-க்கு 4, சி ப்ளஸ்ஸுக்கு 2.3 என்று போட்டு எடுக்கும் சராசரி), உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் மட்டும் தனியாக ஒரு ஜிபிஏ போடும். உயிரியல் மேஜருக்கு அந்த நான்கில் எழுபது கிரெடிட் சேரலாம், மொழியியல் மேஜருக்கு நாற்பதுதான் சேரும். என் மகளுடைய அந்த நாலு கிரெடிட் சி ப்ளஸ்ஸை, மற்றதெல்லாம் ஏ என்று வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். எழுபதில் கலந்தால் 3.90 வரும், நாற்பதில் கலந்தால் 3.83. ஒரு கைப்பிடி உப்பு அண்டாவில் விழுவதற்கும் குக்கரில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம். அவள் சேர்ந்த 2023-இல் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981, சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77. அதில் 0.07 என்பது சின்ன விஷயம் இல்லை. அறிவியல் அல்லாத மேஜர் எடுக்கிறவர் எடுக்கும் கொஞ்ச அறிவியல் பாடத்தில் தடுக்கி விழவே கூடாது. மறுபக்கம், உயிரியல் மேஜருக்கு மூன்றாம் நாலாம் வருஷத்தில் வரும் கடினமான பாடங்களில் பக்கத்து நாற்காலி முழுக்க இதே கனவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், மார்க்கோ ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் போடுவது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

எம்கேட் விஷயமும் அப்படித்தான். 472-இலிருந்து 528 வரைக்கும் மார்க், இடைவேளை எல்லாம் சேர்த்து ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். நாலு பிரிவு. அதில் ஒன்றில் அறிவியலே கிடையாது, தத்துவம், கலை, சமூகம் என்று எதையாவது கொடுத்துப் படிக்கச் சொல்லி 90 நிமிஷத்தில் 53 கேள்வி. நான் பார்த்த வரைக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான், கோச்சிங்கில் ஏறாத மார்க் அது. மொழியியலில் கட்டுரை கட்டுரையாகப் படித்த பழக்கம் மகளுக்கு அங்கே கை கொடுத்தது. இயற்பியல், வேதியியல் பிரிவில் அவள் நாக்குத் தள்ளியதையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சைக்கு முந்தைய மூன்று மாதம் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை.

இன்ஜினீயரிங் எடுத்துவிட்டு ப்ரீ-மெட் செய்யலாமா என்றும் கேட்பார்கள், டாக்டர் கிடைக்காவிட்டால் கைவசம் வேலை என்ற கணக்கு. செய்யலாம். தெரிந்த ஒரு பையன் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் எடுத்து, 3.3 ஜிபிஏவில் நின்று, இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை. பாடம் கஷ்டம் என்பதற்காக மார்க்கைக் கூட்டிப் போட்டு யாரும் பார்ப்பதில்லை. அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான், அவன் அம்மாதான் இல்லை.

மேஜரைவிட ஆயிரம் மடங்கு பெரிய விஷயம் ஒன்று, பொங்கல் வரிசையில் யாரும் கேட்காதது: பிள்ளை எந்த விசாவில் இருக்கிறது? எச்-4-இல், அதாவது எச்-1பி-இல் வேலை பார்க்கும் அப்பா அம்மாவை ஒட்டிய விசாவில், வளர்ந்த பிள்ளை 21 வயதில் அந்த விசாவை இழந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், கிரீன் கார்டு வரிசை நகராது, பல மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பத்தில் ஒன்பது இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குத்தான். இதெல்லாம் தெரியாமல் பயாலஜியா கெமிஸ்ட்ரியா என்று இரண்டு வருஷம் விவாதிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் இதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், மகளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். 2016-இல் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாயில் வந்த ஒரே சொல் "அந்தா". தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்தா, கோபம் வந்தாலும் அந்தா, பேத்தியை வீடியோவில் பார்த்தாலும் அந்தா. மூன்றாம் ஆண்டில் ஒரு பாடத்தில் அவள் ப்ரோக்காவைப் பற்றிப் படித்தாள், 1861-இல் பாரிஸில் "டான்" என்ற ஒரே ஓசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நோயாளியைப் பார்த்த டாக்டர். அந்த மனிதர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து, இடது முன்பக்கத்தில் எந்த இடம் பழுதானதால் பேச்சு போயிற்று என்று காட்டினார். அன்றைக்கு எனக்குப் போன் செய்து அதைச் சொன்னாள், சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

விண்ணப்பக் கட்டுரை எழுதும் நேரம் வந்தது. 5,300 எழுத்துக்குள் நான் ஏன் டாக்டராக வேண்டும் என்று எழுத வேண்டும், இடைவெளியும் எழுத்துக் கணக்குதான். நான் துள்ளிக் குதித்தேன், தாத்தா, பக்கவாதம், மொழியியல், ப்ரோக்கா, எல்லாம் கோத்து வைத்த மாலை மாதிரி இருக்கிறதே! "தாத்தாவ வச்சு சீட்டு வாங்க மாட்டேன்பா" என்றாள். பதிலுக்கு அவள் எழுதியது, வார இறுதிகளில் ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகச் சூடு செய்த போர்வை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்ததைப் பற்றி. போர்வையா என்று எனக்கு வயிறு கலங்கியது. நேர்முகத்தில் இரண்டு இடத்தில் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். மொழியியல் பற்றியும் கேட்டார்கள், அந்தச் சி ப்ளஸ் பற்றியும் ஒருவர் கேட்டார். "எங்கப்பா எக்செல் போட்டார்னு சொன்னியா?" என்றேன். சொல்லவில்லையாம்.

நண்பருக்கு வருவோம். இவ்வளவும் சொல்லி முடித்ததும் அவர், "அதெல்லாம் சரிண்ணே, கடைசியா பயாலஜியா இல்லையா?" என்றார். பாப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"உனக்கு என்னம்மா படிக்கப் பிடிக்கும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஸ்டேஜ் லைட்டிங், அங்கிள். ஸ்கூல்ல நாலு வருஷமா நான்தான் பண்றேன்."

பக்கத்தில் நண்பர் இருமினார்.

முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி வைத்தால் கூடவே உயிரியலையும் வைக்காதே, கால்குலஸ் அடுத்ததற்குப் போகட்டும் என்றேன். எழுதிக்கொண்டாள், பேனா ஓடும் சத்தம் கேட்டது. "லேப் மத்தியானம்தானே இருக்கும் அங்கிள்? ரிகர்சல் எல்லாம் ராத்திரிதான், அப்போ இடிக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை மணி நேர லேப், ஆர்கானிக் எந்த வருஷம் என்று இன்னும் நாலு கேள்வி கேட்டாள். அவள் அப்பா லைனில்தான் இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.